ராஜபாயின் கலயம்

“இது என்ன தாசம்மா, கலயத்துல பாதிகூட இல்லியே?”

ஞானசிகாமணி பிடியரிசிக் கலயத்தைச் சாய்த்துப் பார்த்தார். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, ஸ்தோத்திரம் சொல்லிக் கலயத்தில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயில் பெட்டியில் கொட்டவேண்டும். மலையடிவாரத்து விதுராவுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னச் சபையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

“அரிசி கிடைக்கிற காலமா இது?” என்றாள் தாசம்மாள், சட்டி கழுவிக்கொண்டே. பர்மா அரிசி நின்றுபோன யுத்த வருஷம்.

“எல்லாருக்கும் அதே காலந்தான். ராஜபாயைப் பாரு. புருஷனை எஸ்டேட் காய்ச்சலுக்குக் குடுத்துட்டு, மரச்சீனிக் கிழங்கை அவிச்சுத் தின்னுட்டுக் கிடக்கா. வெறுங்கையோட வர நாணப்பட்டுக் கோயிலுக்கே வராம இருந்தவ, இப்போ வாராவாரம் நம்மளவிடக் கூடக் கொண்டு வருதா. எங்கேருந்து கிடைக்குதோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.”

“ஆமா, அவருக்குத் தெரியும்.”

“நமக்கு என்ன குறை? பசு கறக்குது. பிலாமரத்துல மிளகுக்கொடி காய்ச்சுத் தொங்குது. ஆனா சபை மூப்பர் வீட்டுக் கலயந்தான் சபையிலேயே குறை! கர்த்தருக்குள்ளதுல கைவைக்காத. அடுத்த வாரமும் இப்படின்னா நான் மூப்பர் வேலையை விட்டிருவேன்.”

அவள் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த மிளகையாவது பொறுக்கி எடுக்கப்படாதா? வண்டு விழாம இருக்க ஊரெல்லாம் அரிசியில வேப்பிலை போடுது. நீ ஒருத்திதான் மிளகு போடுத. ‘மூப்பரே, அடுத்த வாரம் ரசத்துக்குப் புளியும் கொண்டாரும்’னு உபதேசியார் சிரிக்காரு.”

தாசம்மாளும் சிரித்துவிட்டாள். அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

கோயிலுக்குள் பொன்முடி மலையின் மஞ்சு பனிப்புகையாய் ஜன்னல் வழியே வந்து நின்றது. பாட்டு எங்கோ தொலைவில் யாரோ பாடுவதுபோலக் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகக் கலயம் நீட்ட, அவர் வாங்கிப் பெட்டியில் கொட்டினார்.

ராஜபாய் இரண்டு கையாலும் நீட்டினாள். தலை நிமிர்ந்திருந்தது.

“ஸ்தோத்திரம் மூப்பரே.”

கொட்டினார். அரிசியின் மேல் கறுப்பாய் நாலைந்து உருண்டு வந்து நின்றன.

நல்லமிளகு.

உபதேசியார் எட்டிப் பார்ப்பதற்குள் ஞானசிகாமணி விரல்களால் அரிசியை இழுத்து மூடினார்.

ஆராதனை முடிந்ததும் தாசம்மாள் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் மெதுவாக நடந்தார். மஞ்சுக்குள் வீடு துண்டு துண்டாகத் தெரிந்தது. முதலில் பிலா, பிறகு அதைத் தழுவிய கொடி, பசுவின் மணிச்சத்தம், கடைசியாக அடுப்புப் புகை. யாரோ அப்போதுதான் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முன்னால் வைப்பதுபோல இருந்தது அவருக்கு. இவற்றையெல்லாம் பேர் சொல்லித்தான் ராத்திரிதோறும் ஜெபித்தார். அந்தப் பட்டியலில் புகைக்குப் பின்னால் நிற்கிறவள் ஒருநாளாவது இருந்தாளா? யோசித்துப் பார்த்தார். நினைவில்லை.

மத்தியானம் தாசம்மாள் சோறு போட்டாள். மறுபடி போட வந்தபோது அவர் கையை நீட்டி மறித்தார்.

“கிழங்கு இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“இனி ராத்திரிக்கு எனக்கு அது போதும். அந்த அரிசியையும் எடுத்துவை.”

அவள் முகம் வாடிவிட்டது. “நம்ம கலயம் நிறையணும்னு நீங்க பட்டினி கிடக்கணுமா? காலையில சொன்னதை இன்னும் விடலியா?”

“நம்ம கலயத்துக்கு யாரு சொன்னா?” என்றார் ஞானசிகாமணி, இலையைப் பார்த்தபடி. “ராஜபாய் கலயத்துல இன்னும் கொஞ்சம் இடம் இருந்துது. பாத்தேன்.”