ஆறாவது வளைவு

“இந்த சைக்கிள்காரரையும் வேணாம்னுடாதே பவானி. அப்புறம் உனக்கு மாப்பிள்ளை தேட ரங்கூன்ல ஆள் கிடையாது” என்று மகளின் காதில் கிசுகிசுத்தார் மாரிச்சாமி. கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது.

“நான் ஏம்ப்பா வேணாங்கப் போறேன்? மூணு மாசமா இவருக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் பவானி.

பொய்யில்லை. வாரத்தில் நான்கு நாள் சைக்கிளோடு படகேறி, ஆற்றைக் கடந்து, த்வாண்டே வரை மிதித்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் அவள். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் லபே என்ற ஊறவைத்த தேயிலைத் தட்டைக் காலி செய்துவிட்டு, “பொண்ணு லட்சணமா இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த சைக்கிளெல்லாம் வேணாம்” என்றார்கள். “அப்படின்னா கல்யாணமே வேணாம்” என்று பவானி சொல்லிவிட்டாள். இப்போது வயது இருபத்தொன்பது. மாரிச்சாமிக்குத் தூக்கம் போய் வெகுநாளாகிறது.

அப்போதுதான் தரகர் சபாபதி பிரான்சிலிருந்து வந்த உறையைக் கொண்டுவந்தார். ஜாதகம், கோட்டு போட்ட மாப்பிள்ளை சுகுமாரின் மார்பளவுப் படம், கூடவே ஐந்தாறு சைக்கிள் படங்கள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கழுத்து வரை இழுத்துவிட்ட ஜாக்கெட், பின்னால் ஆறும் மலையும். டோர்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வரைபடம் ஒன்றும் இருந்தது. அதில் சிவப்புப் பேனாவால் ஒரு வழி. சுற்றி வந்தால் அறுபத்திரண்டு கிலோமீட்டர்!

பவானி அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, தலை வாரும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். த்வாண்டே சாலையில் ஆசைக்குக்கூட ஒரு மேடு கிடையாது. இந்த வழியிலோ, பாலம் தாண்டியதும் நாலு கிலோமீட்டர் ஏற்றம், எட்டு வளைவு. இப்படி ஏறுகிறவன் பெண்டாட்டியின் சைக்கிளைப் பிடுங்கவா போகிறான்?

கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா கமலாட்சி. பட்டுப் புடவை, கையில் பழக்கூடை. ரங்கூன் பசுண்டாங்கில் பிறந்து, அறுபத்துநாலில் பத்து வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். மருமகள் மட்டும் பிறந்த ஊரிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

“அஞ்சு மாடி, லிப்ட் கிடையாது. ஊரு மாறவே இல்லே” என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை எங்கேங்க?”

“மூணாவது மாடியில நின்னு மூச்சு வாங்கறாரு” என்றார் பின்னாலேயே வந்த சபாபதி, தானும் மூச்சு வாங்கியபடி.

பவானிக்குச் சுருக்கென்றது. அறுபத்திரண்டு கிலோமீட்டர் சுற்றி, மலையும் ஏறுகிறவருக்கு மூன்று மாடியிலேயே மூச்சு வாங்குமா?

சுகுமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். நல்ல முகம்தான். ஆனால் படத்தில் சைக்கிள் மேல் இருந்த ஒல்லி உடம்பு எங்கே, சட்டைப் பொத்தானைச் சோதிக்கும் இந்தத் தொப்பை எங்கே?

லபே தட்டை வைத்தவள் நேராகவே கேட்டுவிட்டாள். “பாலம் தாண்டினதும் எட்டு வளைவு ஏத்தம் வருமே, எத்தனையாவது வளைவுல இறங்கித் தள்ளுவீங்க?”

“நானா?” சுகுமார் விழித்தான். “நான் சைக்கிளைத் தொட்டே இருபது வருஷம் இருக்குங்க.”

மாரிச்சாமிக்கு ரத்தம் தலைக்கேறியது. “என்ன சபாபதி இது? எவன் படத்தையோ காட்டி என் பொண்ணை ஏமாத்தப் பாத்தியா?”

“அய்யய்யோ, உறையில வந்ததை அப்படியே கொடுத்தேன் மாமா! மாப்பிள்ளை வீட்டு உறையில மாப்பிள்ளை படம் இல்லாம வேற யாரு படம் வரும்?”

பவானி மூன்று மாதமாகத் தினமும் மனசுக்குள் ஏறிய மலை. உள்ளே போய்ச் சுவரிலிருந்து வரைபடத்தைப் பிய்த்து, படங்களோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“எடுத்துட்டுப் போங்க. சைக்கிள் ஓட்டத் தெரியாட்டி பரவாயில்லே. ஆனா பொய் சொல்ற வீடு எனக்கு வேணாம்.”

கீழே பஸ் கண்டக்டர் “சூலே, சூலே” என்று கத்துவது தெளிவாகக் கேட்டது.

கமலாட்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைப் பிரித்தார். விரல் பாலத்தைத் தாண்டி, ஒவ்வொரு வளைவாக மேலே ஏறி, ஓரிடத்தில் நின்றது.

“ஆறாவது வளைவு. அங்கே ஒரு தண்ணிக் குழாய் இருக்கு, ஐஸ் மாதிரி தண்ணி வரும். போன வருஷம் வரைக்கும் அங்கேதான் இறங்கித் தள்ளுவேன். இப்போ இறங்கறதில்லே.”

“நீங்களா?” பவானி படத்தையும் பட்டுப் புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பொண்ணு வாழப் போறது மாமியாரோடயும்தானே? ஆளு எப்படின்னு தெரியட்டுமேன்னு என் படத்தையும் சேத்து வெச்சேன். இவன் கார்ல பின்னாடியே வந்து எடுத்த படம்தான் எல்லாம்.”

மாரிச்சாமி மெல்ல மகள் பக்கம் திரும்பினார். “என்னம்மா சொல்றே? மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?”

பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவரு கார்ல மெதுவா வரட்டும்ப்பா. நானும் அத்தையும் முன்னாடி போறோம்.”