விசில் வரும் இடம்

விசிலடித்துக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தார் நிஜாம். ரம்ஷாவின் கையிலிருந்த டீ தளும்பிச் சுடிதாரில் கொட்டியது.

"ஐயோ கண்ணு, சுட்டுபோச்சா?" பக்கத்திலிருந்த ரெபேக்கா அக்கா பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். "என்ன இப்படி வெடவெடன்னு நடுங்கறே? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள் ரம்ஷா.

பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடி அது. பாடகர் ஆருஷின் ரசிகர்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் இங்கே கூடுவார்கள். பப்ஸும் டீயும் ஒரு பக்கம், யாருக்கு எந்தப் பாட்டு எதனால் பிடிக்கும் என்ற அரட்டை ஒரு பக்கம். எல்லோரும் பாட்டுக்காக வந்தார்கள். ரம்ஷா மட்டும் ஓர் ஆளைத் தேடி வந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கரூர் ரோட்டில் வெள்ளகோவில் தாண்டி, தம்பி ரைஹானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஒரு கார் அடித்துத் தள்ளியது. அவள் மூக்குக்கண்ணாடி எங்கேயோ தெறித்துவிட்டது. வெள்ளையாக ஏதோ நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

ஆனால் காது நன்றாகவே கேட்டது. காருக்குள் ஆருஷின் மழைப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து ஓர் இடைவெளி வருமே, அங்கே நீளமாக ஒரு விசில். அப்புறம் கதவு சாத்தும் சத்தம். கார் போயே போய்விட்டது.

அரை மணி முன்னால் கொண்டு வந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

ஸ்டேஷனில் அந்தப் பாட்டை போனில் போட்டுக் கேட்டார்கள். "இதுல விசிலே இல்லியேம்மா. அடிபட்டதுல ஏதோ கொழப்பம்" என்று சொல்லிவிட்டார்கள். ரம்ஷாவும் நூறு தடவை கேட்டுப் பார்த்தாள். இல்லைதான். அப்படியென்றால் கூடவே விசிலடித்தது காரை ஓட்டிய பாவிதான். பாட்டோடு அத்தனை சுத்தமாக ஒட்டி அடித்தவன் லேசுப்பட்ட ரசிகனாக இருக்க மாட்டான் என்றுதான் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தாள். ரைஹானைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

நிஜாமைப் பார்த்த முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தூக்கம் போனது. கால்டாக்சி ஓட்டுகிறார். வெள்ளை வண்டி. வாயைத் திறந்தால் பேச்சு வருகிறதோ இல்லையோ, விசில் வரும்.

"ஆரம்பிக்கலாமுங்களா?" என்றான் குழுவை நடத்தும் அனீஸ். "நிஜாம் அண்ணா, நீங்க சொல்லுங்க. மறக்க முடியாத பாட்டு எது?"

"மழைப்பாட்டுதானுங்க. அது வந்த புதுசுல கரூர் ரோட்டுல வண்டிய ஓரங்கட்டிப்போட்டு, தேம்பித் தேம்பி அழுதேனுங்க. ஏன்னு மட்டும் கேட்டுபோடாதீங்க!"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். ரம்ஷா ரெபேக்கா அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இல்லாவிட்டால் அப்போதே எழுந்து ஓடியிருப்பாள்.

"அக்கா, நீங்க? மழைப்பாட்டுக்கு கோரஸ் பாடுனவங்களே நீங்கதான?" என்றான் அனீஸ்.

"பாடுனேன். பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி எங்களுக்குக் குடுத்த காப்பிய கார்ல போட்டுக் கேட்டேன், அதோட சரி" என்றார் ரெபேக்கா. "ரெண்டு வருசமா அதைக் காதுலயே வாங்கலை. வேற பாட்டு சொல்றேனுங்க." சர்ச் பாடல் குழுவில் சின்ன வயதில் தனியாகப் பாடப்போய்த் தொண்டை அடைத்து நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அடுத்து ரம்ஷாவின் முறை. இதற்காகத்தான் ஏழு மாதம் காத்திருந்தாள். விசிலைப் பதிவு செய்ய, மடியிலிருந்த போனில் ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

"எனக்குச் சொல்ல வரலீங்க. எல்லாரும் சேந்து மழைப்பாட்டு பாடலாமுங்களா?"

"அட, அதுக்கென்ன!" முதல் ஆளாகக் கை தட்டியது நிஜாம்தான். ரெபேக்கா வேண்டாமென்பதுபோல் தலையாட்டினார், யார் விட்டார்கள்? மாடி அதிரப் பாட்டு கிளம்பியது.

பல்லவி முடிவை நெருங்கியது. அவன்தான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? கத்துவதா, ஓடுவதா? படி இறங்கும் வழியில் நிஜாமின் நாற்காலிதான் கிடந்தது. யா அல்லா, தைரியம் கொடு என்று வேண்டிக்கொண்டாள்.

பல்லவி முடிந்தது. எல்லோரும் வாயை மூடினார்கள். அந்த இடைவெளி வந்தது.

நிஜாம் குனிந்தார். தட்டிலிருந்த பப்ஸை எடுத்து ஒரே கடியாகக் கடித்தார். வாய் நிறைய பப்ஸ். விசிலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் இல்லை! ரம்ஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீணாக ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று அழுகை முட்டியது. அப்படியே ரெபேக்கா அக்காவின் தோளில் சாய்ந்தாள்.

ரெபேக்கா பாடவில்லை. பாடாவிட்டால் என்ன, பாடல் குழுவில் பழகிய விரல் சும்மா இருக்குமா? ரம்ஷாவின் மணிக்கட்டில் தன்னையறியாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. யாரோ ஒரு வரியை விட்டுவிட்டதுபோல நெற்றியைச் சுருக்கி, அவள் காதருகே குனிந்து கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்த எடத்துல ஒரு விசில் வருமல்ல?"