கத்துக்குட்டி மேடம்

"ஐயோ மேடம், அது இல்ல! பச்சை, பச்சை!"

பெரியக்கா கத்தி முடிப்பதற்குள் பயிற்சி கொடுக்க வந்த மேடம் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். புதுச் சலவை மிஷின் ஓர் உறுமல் உறுமிவிட்டு நின்றது. உள்ளே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் நுரையும் தண்ணீருமாக அப்படியே கிடந்தன.

சலவைப் பிரிவுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மேடமும் வெட்கமே இல்லாமல் சேர்ந்து சிரித்தாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்த சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவருக்கு அலுத்துவிட்டது. 'மாற்றம்' என்று யாராவது வாயைத் திறந்தாலே உடம்பு வலித்தது. புது மிஷினைப் பழக்க முதலில் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் காட்டினார். பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். அடுத்து வந்தவர் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்துப் பந்து போட்டு விளையாடச் சொன்னார். பந்தைப் பிடித்தார்கள். மிஷின் பக்கம் மட்டும் போகவில்லை.

போகாததற்குக் காரணம் உண்டு. மிஷின் வந்த புதிதில் பெரியக்கா எதையோ மாற்றி அமுக்கி, தரையெல்லாம் தண்ணீர். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவளைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அன்றைக்குப் பழைய மிஷினுக்குத் திரும்பிய பெண்கள்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது தலைமை அலுவலகம் கெடு வைத்துவிட்டது. மாதக் கடைசியில் அதிகாரி வருவார். அதற்குள் புது மிஷின் ஓடாவிட்டால் சலவையை வெளியாளிடம் கொடுத்துவிடுவார்கள். பெரியக்கா உட்பட அத்தனை பேருக்கும் வேலை போய்விடும்.

"இந்த நேரத்துல அனுப்பினாங்க பாரு ஒரு ஆளை" என்று சூப்பர்வைசர் முனகினார்.

இந்த மேடத்திடம் படமும் இல்லை, பந்தும் இல்லை. காலையில் வந்ததும் ஏப்ரனை மாட்டிக்கொண்டு நேரே மிஷினிடம் போவாள். கதவைச் சாத்தாமல் ஓட்டப் பார்ப்பாள். சோப்புத்தூளை வேறு எங்கோ கொட்டப் போவாள். "இது எதுக்குக்கா?" என்று பெரியக்காவையே கேட்பாள்.

"சிவப்புன்னா நிறுத்தறதுன்னு அந்தக் கோட்டுக்காரரே சொன்னாரே. உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

"மறந்து மறந்து போகுதுக்கா."

"நகருங்க மேடம், நான் காட்டறேன்" என்று இஸ்திரிக்காரி குறுக்கே புகுவாள். "அவளுக்கென்ன தெரியும், நான் காட்டறேன்" என்று இன்னொருத்தி.

சூப்பர்வைசரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"பாடம் நடத்த வந்தவங்களுக்கே நாங்க பாடம் நடத்த வேண்டியிருக்கு சார். என் ஆளுங்க பொழப்பே இதுல இருக்கு. இவங்களை இனிமே எங்கேயும் அனுப்பாதீங்க."

சாயங்காலமே மேடம் அவர் அறை வாசலில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பெல்லாம் ஈரம். முகத்தில் களைப்பு.

"கிளம்பச் சொல்லிட்டாங்க சார்."

"நான்தான் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார். இனிமே நான் இருந்தா அவங்களுக்குத்தான் இடைஞ்சல்." போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு. அவங்க எப்பவாவது தப்பா அமுக்கிட்டா, நீங்களும் கொஞ்சம் சிரிச்சுடுங்க சார்."

வேலை தெரியாவிட்டாலும் வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேறு ஆள் வரவே இல்லை. மாதக் கடைசியில் அதிகாரிதான் வந்தார். சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது.

பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு மிஷினிடம் போனாள். கதவைச் சாத்தினாள். சோப்புத்தூளைச் சரியான இடத்தில் போட்டாள். பச்சையை அமுக்கினாள். மிஷின் சமர்த்தாக ஓடியது. இஸ்திரிக்காரி அடுத்த நடைக்கான துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பிரமாதம்! யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார் அதிகாரி.

"எங்களுக்கு யார் சார் சொல்லிக்கொடுத்தா? நாங்கதான் அந்த மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம். பாவம், கடைசி வரைக்கும் அதுக்கு வரவே இல்ல" என்றாள் பெரியக்கா.

அதிகாரி சிரித்துவிட்டு சூப்பர்வைசரின் கையைக் குலுக்கினார். சலவைப் பிரிவு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த வாரம் மிஷினைச் சர்வீஸ் செய்ய அதன் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தான். பெண்கள் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நல்லாப் பழக்கியிருக்காங்களே சார். யார் வந்தது?"

"அதை ஏன் கேக்கறே! ஒரு கத்துக்குட்டி வந்துச்சு. பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. போன் போட்டுத் துரத்திவிட்டேன்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுக்கிட்டு, 'இது எதுக்கு, இது எதுக்கு'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களா?"

"அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கம்பெனி மெக்கானிக் எல்லாருக்கும் இந்த மிஷினைக் கத்துக்கொடுத்ததே அவங்கதான் சார். எங்ககிட்டயும் வேணும்னே தப்புத் தப்பாத்தான் அமுக்கினாங்க. பொறுக்க முடியாம நாங்க திருத்தப் போய், எங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு."

அவன் ஆவலோடு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இப்ப எங்க சார் இருக்காங்க? பார்த்து ஒரு வணக்கம் சொல்லணும்."