எந்த ஊர் மாதா

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் லொறி உறுமிக்கொண்டு நின்றது. ஏறமாட்டேன் என்று மரியநாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று தோட்டத்து மருந்தறை பொன்னையா காலையிலேயே கையை விரித்துவிட்டார். இப்போது மணி இரண்டு. அறுத்தால் செத்துப்போவேன் என்ற ஒரே பேச்சுத்தான் அவளுக்கு.

புருஷன் செபமாலைக்கு மூளை கலங்கிவிட்டது. கெஞ்சினான், திட்டினான், காலைக்கூடப் பிடித்தான். கடைசியில் மழையோடு மழையாகப் பங்களாவுக்கு ஓடினான்.

அங்கே அவன் அப்பு, துரைக்குச் சமைத்துப்போடும் வேலைக்காரன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து நாலு வருஷமாகியும் வெள்ளைத் துரையும் போகவில்லை, அவருடைய புத்தகங்களும் போகவில்லை. இரண்டுக்கும் தூசி தட்டுகிறவன் அவன்தான்.

பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றில், மண்வெட்டியில் சாய்ந்து வானத்தைப் பார்க்கும் எலும்புக்கூடு உண்டு. நம்ம தோட்டத்து ஆள்தான் என்று முன்பெல்லாம் சிரித்துக்கொள்வான். இன்று அதைத் தள்ளிவிட்டு வேறொரு பக்கத்தைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வேலை போனால் போகட்டும்.

படத்தில் ஒருத்தி மரத்தடியில் நின்றாள். கையில் ஒரு பூ. வயிறு இதழ் இதழாக விரிந்திருக்க, உள்ளே பிள்ளை சுருண்டு தூங்கியது. அவள் முகத்தில் நோவே இல்லை.

அவன் ஓடிவந்து நீட்டிய படத்தை மரியநாயகி மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தாள். அவரும் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டுதான் நின்றார்.

“இது எந்த ஊரு மாதாங்க?”

படத்தின் கீழே இருந்த இரண்டு வரி இங்கிலீஷைச் செபமாலை கட்டைவிரலால் மூடிக்கொண்டான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுகூட மறந்துபோயிற்று.

லொறியோடு வந்திருந்த பொன்னையா எட்டிப் பார்த்தார். விரலை விலக்கிப் படித்தார். பிறகு அந்த விரலைத் தாமே பழைய இடத்தில் வைத்தார்.

“சக்தியுள்ள மாதா, தாயி. ஏறு,” என்றார், நெற்றி நிறையத் திருநீறு பூசிய பொன்னையா.

அவள் படத்தை உதட்டில் வைத்து முத்தி செய்து, வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஏறினாள். இந்த மாதாவைப்போலத் தன்னையும் எழுப்பி நிறுத்தச் சொல்லி வழியெல்லாம் மன்றாடினாள்.

மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்த செபமாலை அந்த வரிகளை என்றோ எழுத்துக்கூட்டி முடித்திருந்தான். திருடியதற்காகத் தூக்கில் போடப்பட்டவள். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு அவள் பிணத்தை அறுத்துப் பார்த்து வரைந்தது.

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் மரியநாயகி அலறினாள். செபமாலை கண்ணை மூடினான். தேவமாதாவின் பெயர் அவன் வாயில் வரவில்லை.

தூக்கில் தொங்கியவளைத்தான் கூப்பிட்டான்.