வாதாம் இலைத் தண்ணீர்

செத்துவிட்டன.

இரண்டும்.

அவளுடைய கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

தொட்டியின் அடியில், மணலோடு மணலாக, இரண்டு டிஸ்கஸ் மீன்களும் சாய்ந்து கிடந்தன. தட்டு மாதிரி வட்டமான மீன்கள். நிமிர்ந்து நின்றால்தான் அவற்றுக்கு அழகே. இப்போது யாரோ கழுவிக் கவிழ்த்த மாதிரி கிடந்தன. உடம்பும் கறுத்துவிட்டது.

ஒரு நொடிதான் ஆகியிருக்கும். விளக்கு எரிந்தது. இரண்டும் வெறி பிடித்தது போலப் பாய்ந்து கண்ணாடியில் மோதின. விழுந்தன.

தொட்டி லைட்டை மட்டும் போட்டுவிடாதே என்று கணவன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் வெளியே பொழுது மங்கிவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு இருண்டு கிடக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்தில், பிறந்த வீட்டில், அம்மா விளக்கேற்றியதும் சுவிட்சுப் பலகையில் உள்ளங்கையை ஓட்டி எல்லா விளக்கையும் ஒருசேரப் போடுவது அவள் வேலை. இன்று இங்கும் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். கை தானாகப் போனது. அந்த வரிசையில் தொட்டியின் விளக்கும் இருந்ததை மறந்தே போனாள்.

பாவி, கொன்றுவிட்டாள்.

அமேசான் ஆற்றில் வலை போட்டுப் பிடித்த மீன்களாம். பண்ணையில் பிறந்தவை அல்ல. கல்யாணத்துக்கு முன்பே கொளத்தூர் வண்ணமீன் கடையில் சொல்லிவைத்து, இன்றுதான் வந்து சேர்ந்தன. காலையிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அவற்றின் ஆற்றைப் போலவே, வாதாம் இலை ஊறிய தண்ணீர் தொட்டியில் தேநீர் நிறத்தில் தயாராக இருந்தது. மீன்களை ஒரு வாளியில் விட்டான். புதுத் தண்ணீர் பழகட்டும் என்று, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அந்த வாளியில் சொட்டுச் சொட்டாக இறக்கினான். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

டிவி கூடாது. மிக்ஸி கூடாது. கொலுசைக் கழற்றி வைக்கச் சொன்னான். ரகசியம் பேசுவது போலத்தான் பேசினான்.

இவனுக்கு இப்படியும் பேச வருமா என்று அவள் வாயடைத்து நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

சாயங்காலம் வலையில் ஏந்தித் தொட்டிக்குள் விட்டான். பிறகு அவற்றுக்குத் தீனியாகப் புழு வாங்கி வரப் போனான்.

கதவு திறந்தது.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"நான்தான் லைட்ட போட்டேன். வெளக்கு வைக்கிற நேரம்லா... மறந்துட்டேன்."

அவன் பையைக் கீழே வைத்தான். தொட்டியைப் பார்த்தான். ஒரு வார்த்தையும் திட்டவில்லை. கூடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். தொட்டியின் முன்னால் மண்டியிட்டான். அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினான்.

"சாகல இசக்கி. பயந்துபோச்சுன்னா இப்படித்தான் செத்த மாதிரி சாஞ்சு படுத்துக்கும். புது இடம், புதுத் தண்ணி. இருட்டுல விட்டுடணும். அதுவா கிட்ட வர்ற வரைக்கும் நாம கை வைக்கவே கூடாது."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கும்பிடலாம் போல இருந்தது.

அவன் அசையாமல் இருந்தான். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டான்.

சாமி விளக்கின் வெளிச்சம் மட்டும் உள்ளேயிருந்து லேசாக வந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு செவுள் அசைந்தது. ஒரு மீன் மணலைவிட்டு எழுந்தது. தள்ளாடியது. நின்றது. பிறகு மற்றதும் எழுந்தது.

அவன் முகத்தில் அப்படி ஒரு கனிவு.

அதைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கல்யாணமான அன்று இரவு அவள் இரண்டே இரண்டுதான் கேட்டாள். விளக்கை அணைத்துவிடுங்கள். கொஞ்ச நாள் போகட்டும். கட்டிக்கொண்டவனிடம் என்ன வெட்கம் என்று சிரித்தான். விளக்கு எரிந்தது. அன்றும், அதற்குப் பிறகும். எல்லாம் முடிந்ததும் அவள் சுவர்ப் பக்கம் சாய்ந்து, மூச்சுக் காட்டாமல் படுத்துக்கொள்வாள். அம்மாவிடம் போனில் சொல்ல வாயெடுத்தாள். போகப்போகச் சரியாகிவிடும் என்றாள் அம்மா. ஆம்பிளைக்கு இதெல்லாம் தெரியாது என்றாள்.

தெரியாதவன் என்றுதான் அவளும் இத்தனை நாளும் மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் மீன்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பின்ன? இதுகூடத் தெரியாமலா வாங்குவாங்க?"

அவள் எழுந்தாள். இருட்டில் தடவிக்கொண்டே படுக்கையறைக்குப் போனாள். சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி வைத்தாள்.

ஏறி நின்று, பல்பைக் கழற்றினாள்.