சின்னகெரேப்பள்ளியில் பேதி இல்லை

“பேதி?”

“ஒருத்தருக்கும் இல்லீங்க சார்.”

“மலேரியா?”

“அந்த ஊருல இப்பக் கொசுவே இல்லீங்க.”

டாக்டர் தங்கதுரை தாளில் பெரிய பூஜ்யம் ஒன்றைப் போட்டுவிட்டு, காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆஸ்பத்திரி அறை அது. டாக்டரின் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. எதிரே துடைப்பத்தோடு கங்கப்பன் நின்றிருந்தார்.

பொது சுகாதார மேற்படிப்புக்கு டாக்டர் மூன்றாவது தடவையாக விண்ணப்பம் போட்டிருந்தார். கிடைத்தால் மெட்ராஸில் அதிகாரி நாற்காலி. கிடைக்காவிட்டால், மிஷினில் விரல் நசுங்கி வருகிறவர்களுக்குக் கட்டுப்போட்டே காலம் கழியும்.

ஒரு கிராமத்தில் நூறு வீடு ஏறி இறங்கி, சுகாதாரம் எப்படியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வெயிலில் யார் ஏறி இறங்குவது? திருநெல்வேலிக்காரரான டாக்டர் உட்கார்ந்த இடத்திலேயே வழி கண்டுபிடித்தார்.

“ஒனக்கு நல்லாத் தெரிஞ்ச ஊரு ஒண்ணு சொல்லுடே” என்று காலையில் கேட்டிருந்தார்.

“சின்னகெரேப்பள்ளிங்க சார். ஆனா அது வந்து...”

“ஆனா ஆவன்னால்லாம் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்.”

கங்கப்பனும் கேட்டதற்கு மட்டும் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கீழ்த்தெருவிலிருந்து ஆரம்பித்தார். நஞ்சம்மா வீடு, நாராயணப்பன் வீடு என்று ஒரு வாசல்கூட விடவில்லை. பதினேழாவதாகத் தன் வீட்டைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் நின்றது. பேனாவை உதறிக்கொண்டிருந்த டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

“கெணறு தொறந்து கெடக்கா?”

“மண்ணக் கொட்டி மூடிட்டாங்க சார்.”

“சபாஷ்! வெட்டவெளியில ஒதுங்குறவங்க?”

“இப்ப யாரும் போறதில்லீங்க.”

“எங்க ஊருலகூட இம்புட்டுச் சுத்தம் கெடையாதுடே” என்று வியந்து, இன்னொரு பூஜ்யம் போட்டார்.

மெட்ராஸில் நேர்காணல் நடந்தது. தேர்வுக்குழுத் தலைவர் தாள்களை மெதுவாகப் புரட்டினார்.

“நூறு வீடு. ஒரு நோய்கூட இல்லையா, டாக்டர்?”

மூன்றாம் தடவையும் போச்சு என்றே தங்கதுரை நினைத்தார்.

தலைவர் சிரித்தார். “எனக்கு ஆச்சரியமே இல்லை. ஓசூர் பக்கம் என்னோட டூர்தானே! போன மாசம் நானே இந்த ஊரை நேர்ல பார்த்தேன். என்ன சுத்தம்! என்ன ஜனங்க! இளநீர் வெட்டிக் குடுத்து அனுப்பினாங்க.”

பக்கத்திலிருந்த இரண்டு பேரும், தாங்களும் ஆளுக்கொரு இளநீர் குடித்தவர்கள்போலத் தலையாட்டினார்கள்.

‘அடடே, நாம உட்காந்து எழுதினதே நிஜமால்லா இருக்கு!’ என்று டாக்டருக்குப் புல்லரித்தது.

“சீட்டு உங்களுக்குத்தான். சுகாதாரத் துறை டைரக்டர் திங்கட்கிழமை அந்த ஊரைப் பார்க்க வர்றார். அங்கேயே ஜனங்க முன்னாடி வச்சு ஆர்டரைக் குடுத்துடுவார்” என்றார் தலைவர்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் ஜீப் வந்து நின்றது. முன்னால் டைரக்டர், பின்னால் மாலையும் கையுமாகத் தலைவர். தங்கதுரை புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் ஏறி உட்கார்ந்தார். டைரக்டர் மடியில் கிடந்த ஆர்டர் உறையை விட்டு அவர் கண் நகரவில்லை.

“நம்ம கங்கப்பன் அந்த ஊர்க்காரர்தான் சார், வழி காட்டுவார்” என்றார். இதுவரை வராத ‘ர்’ இன்று தானாக வந்தது.

“வழி எனக்குத் தெரியாதா? ஏரிக்கரையோட போனா அரை மணி நேரம்” என்றார் தலைவர்.

டைரக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். கங்கப்பன் ஜீப்பில் ஏறாமல் கேட் ஓரமாகவே நின்றிருந்தார்.

“ஏன்ப்பா நிக்கிறே? சின்னகெரேப்பள்ளி இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?”

“தூரமே இல்லீங்க சார், அந்த ஊர இடிச்சுத் தள்ளிட்டுத்தான் இந்தக் கம்பெனியக் கட்டுனாங்க.”