ஓவியத்துச் சீமாட்டியின் லேஸ்

“தொடாதீங்க அண்ணி! நம்மளை வெளியே தள்ளிடப் போறாங்க!”

நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தும் அண்ணி நகரவில்லை. ஓவியக் கூடத்தின் சுவரில், நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சீமாட்டி. அவள் முகத்தை யார் பார்த்தார்கள்? அண்ணியின் கண்ணெல்லாம் அவள் கழுத்தைச் சுற்றியிருந்த லேஸின் மேல்தான்.

கல்யாண உடுப்புகளுக்கு லேஸ் பின்னுவது அண்ணியின் தொழில். என்றைக்கு இந்த ஓவியத்தைப் பார்த்தாளோ, அன்றைக்கே பித்துப் பிடித்தது. அதே லேஸைப் பின்னாமல் விடுவதில்லை என்று மூன்று வருடமாக ஊசியும் நூலுமாய் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணனும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனான்.

“லேஸ்ல இந்த இலையைப் பாரேன். நூல் எங்கே நுழையுது, எங்கே வெளியே வருதுன்னு தெரியாம எத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்! எந்த மகராசி பின்னினாளோ, அவ காலைத் தொட்டுக் கும்பிடணும்டி.”

“அவங்க போய்ச் சேர்ந்து நானூறு வருஷம் ஆச்சு. காலுக்கு எங்கே போறது?”

அதற்குள், பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் அதிகாரி வந்துவிட்டார். இவரிடம் காட்டத்தான் அண்ணி நாள் குறித்து வாங்கியிருந்தாள். பெட்டியைத் திறந்து, பின்னிய லேஸை மேஜையில் விரித்தாள்.

“ஒத்துப் பார்த்துச் சொல்லுங்க சார். ஒரு இலை பிசகியிருந்தாலும் மொத்தத்தையும் பிரிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். அன்னிக்கு இதைப் பின்னினவ வேலையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.”

மூன்று வருட உழைப்பைப் பிரிப்பதா! நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து லேஸைப் பார்த்தார். ஓவியத்தைப் பார்த்தார். மறுபடியும் லேஸை. அண்ணி மேஜைமேல் குனிந்தாள்.

“தப்பா சார்?”

“ஒரு இழைகூடப் பிசகலம்மா.” அவர் நிமிர்ந்தார். “போன மாசம் இந்தப் படத்தை எக்ஸ்ரே எடுத்தோம். சாயத்துக்கு அடியில சீமாட்டியோட கழுத்து வெறுமையா இருக்கு. லேஸ் முழுக்க ஓவியர் அப்புறமா சொந்தக் கற்பனையில வரைஞ்சது. நூல்ல இப்படிப் பின்னவே முடியாதுன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம்.”

“அப்போ... இதைப் பின்னினவ?”

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அவங்களை இப்பதான் முதல் தடவையா பார்க்கிறேம்மா.”